நோய் விசாரிப்பும் மவுத்து விசாரிப்பும்

  

ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிமின் மீதுள்ள கடமைகளை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எண்ணிச் சொன்னபோது, ஸலாமுக்குப் பதில் கூறுவதோடும் ஜனாஸாவைப் பின்தொடர்வதோடும் சேர்த்து, நோயாளியைச் சென்று விசாரிப்பதையும் அருளியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹான கிரந்தங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. மறுமையில் அல்லாஹுத்தஆலா தன் அடியானிடம், நோயுற்றுக் கிடந்த இன்னொரு அடியானை விசாரிக்காமல் விட்டதைத் தன்னையே விசாரிக்காமல் விட்டதாக எடுத்துக் கேட்பான் என்று வரும் ஹதீது குத்ஸியையும் நம்மில் கேட்காதவர் இருக்க முடியாது.

ஆகவே போக வேண்டும் என்று நாம் இங்கே வலியுறுத்தப் போவதில்லை. நம்முடையது போகாத சமுதாயமல்ல. பக்கத்து ஊரில் ஒரு மவுத்து என்றால் வேன் பிடித்துக்கொண்டு போகிறோம். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லாமல் காவலாளி வந்து விரட்டுகிற அளவுக்குப் போகிறோம். நம் கேள்வியெல்லாம் ஒன்றுதான். நாம் போய்விட்டு வந்த பிறகு அந்த வீட்டின் பாரம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?

இந்தக் கேள்வி கிதாபைப் புரட்டும்போது நமக்கு உதித்ததல்ல. ஒரு சைக்கிள் கடைக்காரர் நமக்குக் கற்றுக்கொடுத்தது.

நாம் ஓதி முடித்து, காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையிலுள்ள சிற்றூரில் இமாமாகச் சேர்ந்த புதிது. வயது 24. அவ்வூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு சகோதரரின் 11 வயது மகன் டெங்குக் காய்ச்சலில் 4 நாட்களுக்குள் மவுத்தாகிவிட்டான். அடக்கம் முடிந்த அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனோம். அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். நமக்கு நாற்காலி போட்டார்கள். நாம் ஸப்ரைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். சிறு வயதில் மரணித்த பிள்ளை பெற்றோருக்காக மன்றாடும் என்றோம். பொறுமையாளர்களுக்குக் கணக்கின்றிக் கூலி உண்டு என்றோம். பொறுக்காதவர்களுக்கு என்ன என்பதையும் விட்டுவைக்கவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் பேசினோம். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற திருப்திகூட மனத்துக்குள் இருந்தது, மறைப்பானேன்.

அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஹஜரத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லை" என்றோம்.

"சரி, ஹஜரத்" என்றார்.

அதன் பின் அவர் ஜமாஅத்துக்கு வரவில்லை. ஜும்ஆவுக்கும் வரவில்லை. ஈமான் தளர்ந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டினோம். ஒரு வெள்ளிக்கிழமை பயானில், பெயர் சொல்லாமல், ஊரார் அனைவருக்கும் விளங்கும்படி அதைத் தொட்டும் பேசினோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

நாம் சொன்ன ஹதீதுகளில் பொய்யில்லை. சொன்ன வேளைதான் பிசகு. நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வேளையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு புகாரியில் ஒரு சம்பவம் இருக்கிறது. கப்ரின் அருகில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கடந்து சென்ற நாயகம் அவர்கள், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமை கொள்ளுமாறு சுருக்கமாகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணோ, வந்திருப்பவர் யாரென்று அறியாமல், எனக்கு வந்தது உமக்கு வரவில்லை, தள்ளிப் போம் என்ற பொருள்பட வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டார். அப்போது நாயகம் அவர்கள், நான் யார் தெரியுமா என்று கேட்கவில்லை. தாம் சொன்னதை விரித்து விளக்கவும் இல்லை. நகர்ந்து சென்றுவிட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்து அவர் பதறிக்கொண்டு நபியின் வாசலுக்கு ஓடிவந்தபோதுதான், முதல் அடி விழும் நேரத்துப் பொறுமையே பொறுமை என்ற கருத்தை அவருக்கு அருளினார்கள். இந்த ஹதீதின் கடைசி வாசகத்தை நாம் மேடைதோறும் சொல்கிறோம். நடுவில் அவர்கள் நகர்ந்து சென்றதைச் சொல்வதில்லை.

அவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்தவர்கள். அவர்களே நகர்ந்தார்கள் என்றால், கல்யாணமாகாத 24 வயது இமாமுக்கு நாற்காலியில் என்ன வேலை?

அவர்களின் மகளார் ஒருவருடைய குழந்தை மரணத் தறுவாயில் இருந்தபோது, தகப்பனாருக்கு ஆள் அனுப்பினார்கள். நாயகம் அவர்கள் ஸலாமும், எடுத்ததும் கொடுத்ததும் அல்லாஹ்வுக்கே உரியவை என்ற ஆறுதலும் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு மேலான ஆறுதல் வார்த்தை உலகில் இல்லை. ஆனாலும் மகளார், நீங்கள் வந்தே ஆக வேண்டுமென்று சத்தியமிட்டுத் திரும்ப ஆள் அனுப்பினார்கள். உடனே எழுந்தார்கள். தோழர்கள் சிலரோடு வந்தார்கள். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த பிள்ளையைக் கையில் வாங்கினார்கள். கண்ணீர் வழிந்தது. இதென்ன என்று ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் வியந்து கேட்டபோது, அது அல்லாஹ் அடியார்களின் உள்ளங்களில் வைத்த ரஹ்மத் என்று விளக்கம் தந்தார்கள். மகளுக்கு வார்த்தை போதவில்லை. ஆள் வேண்டியிருந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாபிக்குகள் பழி சுமத்திய நாட்களின் வரலாறு நீண்டது. அதில் ஓரமாக ஒரு செய்தி வருகிறது. அன்னையவர்கள் இரவும் பகலும் ஓயாமல் அழுதுகொண்டிருக்கிறார்கள். பெற்றோர் இருவரும் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்போது ஓர் அன்ஸாரிப் பெண்மணி அனுமதி கேட்டு உள்ளே வந்து, உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து அழுதார். அவ்வளவுதான். அவர் என்ன பேசினார் என்று அறிவிப்பில் இல்லை. அவர் பெயர்கூட அதில் இல்லை. ஆயினும் அன்னையவர்கள் பல காலத்துக்குப் பிறகு அந்த வரலாற்றைச் சொன்னபோது, அந்தப் பெண்மணி வந்து உட்கார்ந்ததை விடாமல் சொல்லியிருக்கிறார்கள். துன்பத்தில் கிடந்தவரின் நினைவில் எது தங்குகிறது என்பதை இதிலிருந்து நாம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நோயாளியின் வீட்டுக்கு வருவோம்.

மதரஸாவில் நம்மோடு ஒரே பாயில் படுத்து ஓதிய நண்பர் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துபோயின. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் டயாலிஸிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். போக வர வேறு 2 மணி நேரம். இந்த வியாதியில் தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். குடித்த நீர் உடம்பிலேயே தங்கி மூச்சை அடைக்கும். பொட்டாசியம் என்ற உப்பு இரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். அந்த உப்பு அதிகமுள்ளவை எவையென்றால் இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, பேரீச்சம்பழம். நோய் விசாரிக்கப் போகும் நாம் கையில் எடுத்துப்போவதும் இவற்றைத்தான்!

நண்பரின் வீட்டுத் திண்ணையில் இளநீர்க் குலை சாய்த்துவைக்கப்பட்டிருக்கும். உம்ரா போய் வந்தவர் அன்போடு பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவருவார். "பரக்கத்து, வேண்டாம்னு சொல்லக் கூடாது, முழுசாக் குடிச்சிடுங்க" என்பார். நண்பர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த ஒரு மிடற்றையும் அவர் மனைவி அன்றைய கணக்கில் கழித்துக்கொள்வார். ஒருநாள் அந்தச் சகோதரி கதவின் மறைவிலிருந்து நம்மிடம் சொன்னார்: "ஹஜரத், வர்றவங்களுக்கு டீ போட்டுப் போட்டே நான் ஓய்ஞ்சுட்டேன். அவங்க குடிக்கிறதை இவங்க பார்த்துக்கிட்டே இருக்காங்க. தாகம் தாங்காம உதட்டை நனைச்சுக்கிறாங்க."

எனவே புறப்படுமுன் வீட்டாரிடம் கேளுங்கள். என்ன சாப்பிடலாம், எப்போது வரலாம், வரலாமா வேண்டாமா என்று கேளுங்கள். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றியவருக்கு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் சளி, காய்ச்சல் உள்ளவர் போகாமலிருந்து போனில் ஸலாம் சொல்லி துஆச் செய்வதே இயாதத். போனாலும், நோயாளி விரும்பி இருத்தினாலன்றிச் சீக்கிரம் எழுந்துவிட வேண்டும் என்று நம் பெரியவர்கள் கிதாபுகளில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த நண்பருக்கு உண்மையில் உதவியவர்கள் யார் தெரியுமா? ஆட்டோ ஓட்டும் ஒரு சகோதரர் செவ்வாய்க்கிழமைப் பயணத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பெண்மணி இரு குழந்தைகளையும் தம் பிள்ளைகளோடு மக்தபுக்கு அனுப்பி, இரவுச் சாப்பாட்டையும் கொடுத்து அனுப்பினார். பள்ளி நிர்வாகத்திலிருந்த ஒருவர், பேச்சு அதிகம் தெரியாதவர், அந்த 4 மணி நேரமும் கட்டிலருகே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி அன்று மட்டும் வீட்டில் தூங்குவார். இவர்களில் எவரும் பயான் செய்யவில்லை.

பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுவோம். "இதே வியாதிதான் எங்க மச்சானுக்கும், ஆறு மாசம்கூட இருக்கலை" என்று கட்டிலருகே நின்று சொல்பவர் நம்மில் இருக்கிறார். டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு எங்கோ ஒருவர் தரும் வேரைத் தின்னச் சொல்பவர் இருக்கிறார். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நாயகம் அவர்கள் ஏவியிருப்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. எல்லாரையும் விடக் கொடியவர், என்ன பாவத்துக்கு இந்தச் சோதனையோ என்று பெருமூச்சு விடுபவர். அய்யூப் (அலை) அவர்களிடம் போய் இவர் என்ன கேட்டிருப்பாரோ!

ஆலிம்கள் போனால் அவர்களால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு காரியம் உண்டு. அதை நாம் செய்வதில்லை. ஒரு முதியவருக்குச் சிறுநீர் இறங்கக் குழாய் வைத்துப் பை மாட்டியிருந்தார்கள். நஜீஸோடு இருக்கிறோம் என்று எண்ணி அவர் 2 மாதமாகத் தொழுகையை விட்டிருந்தார். நாம் எத்தனையோ பேர் போய் வந்தோம். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவராகச் சொல்லவும் வெட்கம். ஒருநாள் தனிமையில் வாய்விட்டுச் சொன்னார். இப்படித் தொடர்ந்து தடங்கல் உள்ளவர் ஒவ்வொரு வக்துக்கும் ஒளுச் செய்து அந்நிலையிலேயே தொழலாம், தண்ணீர் ஆகாதென்றால் தயம்மும் இருக்கிறது, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும் அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் அவர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னோம். அவர் அழுதுவிட்டார். "இதை முன்னமே யாராச்சும் சொல்லக் கூடாதா தம்பி" என்றார். மற்ற விவரங்களை அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேட்கும் வாய்ப்பை நோயாளிக்கு நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

மவுத்து வீட்டைப் பற்றி.

ஹிஜ்ரி 8-ல் மூத்தாப் போரில் ஜஅபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்தபோது, நாயகம் அவர்கள் தம் வீட்டாரை நோக்கி, ஜஅபரின் குடும்பத்தாருக்கு உணவு தயாரிக்கும்படி ஏவினார்கள். அவர்களுக்குக் கைவேலை ஓடாத துயரம் வந்திருக்கிறது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தம் குடும்பத்தில் ஒரு மவுத்து நேர்ந்து, வந்த பெண்கள் கலைந்து நெருங்கியவர்கள் மட்டும் மிஞ்சியதும், தல்பீனா என்ற கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள். மாவில் காய்ச்சும் இளங்கஞ்சி அது. நோயாளியின் நெஞ்சுக்கு அது இதமானது, துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கக்கூடியது என்று நாயகம் அவர்கள் சொல்லக் கேட்டிருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். துக்கத்தைக் கஞ்சி முழுவதும் போக்கும் என்றல்ல, கொஞ்சத்தைப் போக்கும் என்று! சாப்பாடு இறங்காத தொண்டைக்கு எது இறங்கும் என்று யோசித்துக் காய்ச்சியிருக்கிறார்கள்.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? முதல்நாள் பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வருகிறது. அந்த நல்ல வழக்கம் இன்னும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு காற்று திரும்பிவிடுகிறது. மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று மையித்து வீட்டுக்காரர் தேக்சா ஏற்றி ஊருக்கு ஆக்கிப்போடுகிறார். அந்த நாட்களில் ஓதலாமா கூடாதா என்ற தர்க்கத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. அதற்கு வேறு பக்கங்கள் உண்டு. ஆனால் ஓதச் சொல்பவரும் வேண்டாமென்பவரும் ஒன்றைச் சேர்ந்தே கேட்கலாமே: அடுப்பு யாருடையது, கடன் யாருடையது? நாற்பதாம் நாளுக்கு வட்டிக்கு வாங்கிய ஒரு விதவையை நாம் அறிவோம். அந்தச் சோற்றை நாமும் உண்டோம். வட்டிப் பணம் என்று பிறகுதான் தெரிந்தது.

மையித்தின் கடனை நாயகம் அவர்கள் தொழவைக்கும் முன்பே விசாரித்திருக்கிறார்கள். கடனோடு வந்த ஒரு ஜனாஸாவுக்குத் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அந்தக் கடன் என் பொறுப்பு என்றார்கள். அதன் பிறகே தொழவைத்தார்கள். தஃஸியத் என்பது வாயால் மட்டும் செய்வதல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இக்காலத்தில் வேறு வேலைகளும் இருக்கின்றன. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கும் வங்கிக் கணக்குக்கும் அலைய வேண்டும். இத்தாவில் 4 மாதம் 10 நாள் இருக்கும் பெண்ணுக்காக இந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு நடப்பவர், நம் கணக்கில் பெரிய காரியம் செய்கிறார். மூன்று நாளைக்குப் பிறகு தஃஸியத் சொல்வது விரும்பத்தக்கதல்ல என்று ஃபிக்ஹில் இருப்பது, துக்கத்தைக் கிளறிவிடக் கூடாது என்பதற்காக. உதவியையும் மூன்று நாளில் நிறுத்திவிட வேண்டும் என்பதற்காக அல்ல. ஜஅபர் (ரலி) அவர்களின் பிள்ளைகளை மூன்று நாள் கழித்து நாயகம் அவர்கள்தாம் அழைத்து வரச் சொல்லி, நாவிதரைக் கூப்பிட்டு அவர்களின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். தகப்பனை இழந்த வீட்டில் பிள்ளைகளின் தலைமுடியைக் கவனிக்க யாருக்கு நினைவு இருக்கும்?

அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பாரி வைப்பதும் மாரில் அடித்துக்கொள்வதும்தான் விலக்கப்பட்டவை. கண்ணீர் விலக்கப்பட்டதல்ல. தம் மகனார் இப்ராஹீமின் மரணப் படுக்கையில் நாயகம் அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. யஅகூப் (அலை) அவர்கள் யூஸுபை எண்ணிக் கண் வெளுக்க அழுதார்கள். இன்னுமா அவனை நினைக்கிறீர்கள் என்று குறை சொன்னவர்கள் அவர்களின் மக்கள்தாம். எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்கும் நாம் யாருடைய அணியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரித்தவரின் பெயரை எடுத்தால் வீட்டார் வருந்துவார்கள் என்று எண்ணி நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். நாயகம் அவர்களோ அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் அவர்களின் பேச்சை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழியருக்கு அதில் பங்கு அனுப்பினார்கள். அன்னையின் சகோதரி ஹாலா (ரலி) வாசலில் வந்து அனுமதி கேட்டபோது, அந்தக் குரலில் கதீஜாவின் குரலைக் கண்டு அவர்கள் நெகிழ்ந்ததும் ஹதீதில் இருக்கிறது.

சைக்கிள் கடைக்காரருக்கு வருவோம். நபியின் சபைக்குத் தம் சிறு மகனோடு வந்துகொண்டிருந்த ஒரு தோழர், அந்தப் பிள்ளை இறந்த பின், அவன் நினைவு தாளாமல் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார் என்று நஸாயீயில் ஓர் அறிவிப்பு உண்டு. நாயகம் அவர்கள் அவரைக் காணவில்லையே என்று விசாரித்தார்கள். அவரைச் சந்தித்துப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். பிறகே ஆறுதல் சொன்னார்கள். இதை நாம் ஓதியிருந்தோம். ஆனால் நம் ஊரில் இதைச் செய்துகொண்டிருந்தவர், இதை ஓதியிராத நம் பள்ளி மோதினார். இஷா முடிந்து பள்ளியைப் பூட்டியதும் அவர் எங்கோ போவார். ஒருநாள் எங்கே என்று கேட்டோம். "சைக்கிள் கடைக்குத்தான். அவுரு தனியா இருப்பாரு" என்றார். அடக்கம் நடந்த மறுநாளிலிருந்து, 7 மாதமாக, ஒருநாளும் விடாமல்.

அன்று நாமும் கூடப் போனோம். கடையில் நாற்காலி இல்லை. கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்தோம். அவர் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு ரிம்மில் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தார். மோதினார் பேசவில்லை. நாமும் பேசவில்லை. நமக்கு அது சுலபமாயிருக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "பையன் கடைக்கு வருவானா?" என்று மட்டும் கேட்டோம். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறதென்று பார்ப்பது பையனின் வேலையாம். குமிழியைக் கண்டதும் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "அத்தா, ஆளைப் புடிச்சிட்டேன்" என்று கத்துவானாம். அன்று 11 மணி வரை அவர் பேசினார்.

மறுநாள் சுபுஹுக்கு அவர் வந்தாரா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வரவில்லை. மறுநாள் இரவும் நாம் கடைக்குப் போனோம்.